கொட்டகலையிலிருந்து ஒரு கடிதம்

கொட்டகலை,
ஞாயிறு பின்னேரம்.

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. யாழ்ப்பாணத்தில் நீ கியர் சைக்கிள் வாங்கிவிட்ட கதையை மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். "அங்க எல்லாரும் சைக்கிள்லதானே போறாங்க, இதுல என்ன புதினம்?" என்று கேட்டுவிட்டுக் குசினிக்குப் போய்விட்டாள். அவள் சொல்வதும் சரிதான். பள்ளிக்கூடப் பிள்ளை முதல் பாட்டி வரை மிதிக்கிற ஊர் உன்னுடையது. இங்கே மலையகத்தில் ஒருவன் சைக்கிளில் மேடு ஏறி வந்தால், "என்ன சேர், பெட்ரோல் இல்லையா?" என்று இன்றைக்கும் கேட்கிறார்கள்.

அப்படிக் கேட்பவர்களைக் குறை சொல்லவும் முடியாது. நானே பெட்ரோல் இல்லாமல்தான் சைக்கிளுக்கு வந்தவன். 2022 ஜூனில் லீட்டர் 470 ரூபாய் ஆனது ஞாபகம் இருக்கும். அந்த விலைக்கும் கிடைக்காமல் போத்தலோடு அலைந்தோம். மோட்டர் சைக்கிளை மூடி வைத்துவிட்டு, தெரிந்தவர் ஒருவரிடம் பழைய மவுண்டன் சைக்கிள் ஒன்றை வாங்கினேன். பெட்ரோல் வரிசைகள் கலைந்த பிறகும் அதை விற்க மனம் வரவில்லை.

கிழமைக்கு எத்தனை கிலோமீட்டர் போகிறேன் என்று கேட்டிருக்கிறாய். மச்சான், அது தட்டை நிலத்துக்காரன் கேட்கிற கேள்வி. உனக்குக் காற்றோடு மட்டும்தான் சண்டை. இங்கே தலவாக்கலை ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நுவரெலியா 1,868 மீட்டரில். நானுஓயா வழியாக அந்த ஏற்றத்தை மிதித்துப் போகிற அன்றைக்குத் தூரத்தைப் பார்த்தால் மனசு விட்டுப்போகும். அதனால் நாங்கள் தூரம் பேசுவதில்லை. "நானுஓயா வரைக்கும் கால் ஊன்றாமல் ஏறினேன்" என்று ஒருவர் சொன்னால் போதும், ஆள் யார் என்று விளங்கிவிடும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சிலர் சேர்ந்து போகிறோம். கழகம், தலைவர், சந்தா என்று ஒன்றும் கிடையாது. போன மாதம் புதுத் தம்பி ஒருவன் வந்து சேர்ந்தான். கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை செய்கிறவன். இறுக்கமான ஜெர்சி, பெடலில் மாட்டுகிற சப்பாத்து, கறுப்புக் கண்ணாடி, எல்லாம் முறைப்படி. டெவன் நீர்வீழ்ச்சி தெரிகிற பக்கம் ஒரு கடையில் பிளேன்டீ குடிக்க நின்றபோது தன்னை அறிமுகம் செய்துகொண்டான். சைக்கிள் என்ன பிரேம், எத்தனை கிலோ, சமதரையில் சராசரி என்ன வேகம், எல்லாம் சொன்னான். பிறகு "நீங்க சொல்லுங்க" என்று எங்களைப் பார்த்தான்.

எங்களோடு வருகிற, தேயிலைத் தொழிற்சாலை டீமேக்கர் அண்ணன் உள்ளங்கையில் இருந்த சீனியை ஒரு நக்கு நக்கிவிட்டு, "ஒன்பதரைக்கு வீட்டுக்குப் போகணும் தம்பி, நான் தூங்கணும்" என்றார். அவருடைய அறிமுகம் அவ்வளவுதான். அவர் வேலை உனக்குத் தெரியும். பகலில் பறித்த கொழுந்தை வாட்டப் போட்டு, இரவு முழுக்க அது வாடி, நடுச்சாமத்துக்குப் பிறகுதான் அதை உருட்டுகிற ரோலருக்குப் போகும். ஊர் எழும்புகிற நேரத்தில் அவருக்கு வேலை முடிகிறது. தூங்கப் போவதற்கு முன் கிடைக்கிற அந்த இடைவெளிதான் அவருடைய சைக்கிள் நேரம். ஆஸ்பத்திரியில் நேர்ஸாக இருக்கிற அக்கா, "எனக்கு ஒரு மணிக்கு டியூட்டி" என்றார். நான், "எட்டரைக்கு மகளை டியூஷனுக்குக் கொண்டுபோய் விடணும்" என்றேன். தம்பி கொஞ்சம் திகைத்துத்தான் போனான். ஆனால் யோசித்துப் பார், ஒருவரோடு ரோட்டில் சேர்ந்து போவதற்கு அவருடைய பிரேம் என்ன உலோகம் என்று தெரிந்து ஆகப்போவது என்ன? எத்தனை மணிக்கு அவர் திரும்ப வேண்டும் என்பது தெரிந்தால்தான் எந்த மேட்டில் வைத்துத் திரும்பலாம் என்று முடிவு செய்ய முடியும்.

அந்த அக்காவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். உன் ஊரில் சைக்கிளில் போகிற பெண்ணை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். இங்கே பஸ்ஸில் இருப்பவர்கள் ஜன்னலால் தலையை நீட்டிப் பார்க்கிறார்கள். அவர் கண்டுகொள்வதேயில்லை. எங்களில் ஏற்றத்தில் முதலில் போகிறவரும் அவர்தான்.

என் அன்றாடத்தைக் கேட்டாய். பள்ளிக்கூடம் ஏழரைக்கு. என் அதிர்ஷ்டம், அது வீட்டுக்குக் கீழே இருக்கிறது. காலையில் இறக்கம், வேர்க்காமல் போய்ச் சேரலாம். ஒன்றரைக்கு விட்டதும் ஏற்றம். வேர்த்தால் என்ன, வீட்டுக்குத்தானே போகிறேன். எங்கள் விஞ்ஞான ஆசிரியருக்கு நேர்மாறு. காலையில் ஏற்றம். அதனால் ஓய்வறை அலுமாரியில் இரண்டு சேர்ட் தொங்கவிட்டிருக்கிறார். சித்திரை, ஐப்பசி மாதங்களில் பின்னேர இடிமழை எனக்குத்தான். அவர் அதற்குள் இறங்கித் தப்பிவிடுவார். வைகாசிக்குப் பிறகு தென்மேற்குப் பருவமழை பிடித்தால் இருவருக்கும் ஒரே கதிதான். மழைக்குத் தேயிலைக்குள்ளே குறுக்குப் பாதையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனால் சொக்ஸுக்குள் அட்டை ஏறிவிடும். பஞ்சர் சாமான் பையில் ஒரு உப்புப் பொட்டலமும் வைத்திருக்கிறேன்.

ஏற்றத்தைப் பற்றி எல்லாரும் பயமுறுத்துவார்கள். நான் பயப்படுவது இறக்கத்துக்குத்தான். மழையில் ரிம் நனைந்திருந்தால் பிரேக்கைப் பிடித்தவுடன் ஒன்றும் நடக்காது. சக்கரம் சில சுற்றுச் சுற்றும்வரை பிரேக் கட்டை தண்ணீரை மட்டும் துடைக்கும். அப்புறம்தான் திடீரென்று பிடிக்கும். அந்த நேரத்துக்குள் வளைவு வந்துவிடும், வளைவுக்கு அந்தப் பக்கம் பனிக்குள் ஒரு தனியார் பஸ்ஸும் வரும். வீட்டுக்கு வந்து பார்த்தால் கட்டை தேய்ந்த கறுப்புச் சேறு ரிம்மில் இருந்து டயர் வரை வழிந்திருக்கும். ஒரு மழைக்காலத்தை ஒரு சோடிக் கட்டை தாண்டுவதில்லை. காய்ந்த நாளில் வேறு பிரச்சினை. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் சூடாகி டியூப் வெடிக்கும். வளைவுக்கு முன்னால் நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறை, அப்புறம் விட்டுவிடு. செருப்பைத் தேய்த்துப் பேரிங் வண்டியை நிறுத்திய நமக்கு இதெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை, முழங்கால்தான் பாவம்.

நேரமே இல்லை என்று நீ அழுவதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. வேலைக்கு மோட்டர் சைக்கிளில் போய் வந்து, பின்னேரம் சைக்கிள் ஓட்ட ஒரு மணித்தியாலம் தேடுகிறாய். அந்த ஒரு மணித்தியாலத்தைப் பிள்ளையின் வீட்டுப்பாடமோ விருந்தாளியோ எடுத்துக்கொண்டுவிடும், உன்னால் தடுக்க முடியாது. அலுவலகத்துக்குச் சைக்கிளில் போ. வரும்போது கொஞ்சம் சுற்றி வா. உன் ஊரில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை, வேர்வை ஒன்றுதான். அதற்கு விஞ்ஞான ஆசிரியரின் அலுமாரி வழி இருக்கிறது. நாலு மணிக்கு எழும்புவேன் என்று சபதம் போடுகிறவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன், பெரும்பாலும் தை மாதத்தில்.

ஏப்ரல் லீவுக்கு வருகிறேன் என்கிறாய். சைக்கிளோடு வா. ஆனால் உன் பின்சக்கரத்தில் பெரிய பல்லுச் சில்லு 28 பல் என்று எழுதியிருக்கிறாய், அது இங்கே போதாது. 34 பல் உள்ளதாக மாற்று. முன்னாலும் 34 இருந்தால், பெடல் ஒரு சுற்றுச் சுற்ற, சக்கரமும் ஒரே ஒரு சுற்றுத்தான். வேகம் நடந்து போகிறவனைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான், ஆனால் முழங்கால் தப்பும். அங்கேயே மாற்றிக்கொண்டு வா. இங்கே சொல்லிவைத்து அது கொழும்பிலிருந்து வருவதற்குள் உன் லீவு முடிந்துவிடும். எனக்கும் இரண்டு சோடி பிரேக் கட்டை வாங்கி வா, காசு தருகிறேன். கொஞ்சம் பனங்கட்டியும். டீமேக்கர் அண்ணனுக்குச் சீனி வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார், அவர் இப்போது பனங்கட்டி சீனி இல்லை என்று வாதாடிக்கொண்டிருக்கிறார்.

எந்தத் திகதி என்று முடிவானதும் எழுது. மதினியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் கொட்டகலை மச்சான்