அந்த மூன்று மணி நேரம் எங்களுடையது

இத்தாலியின் ஃபுளோரன்சில் உஃபிசி ஓவிய அருங்காட்சியகத்தைத் தனி வழிகாட்டியோடு சுற்றிக்காட்டும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். சென்ற மாதம் எங்கள் சுற்றில் நடந்தது உங்களுக்குத் தெரியும். நான் எழுதினேன், நீங்களும் வருத்தம் தெரிவித்துப் பதில் போட்டீர்கள். மூன்று மணி நேரம், எங்கள் குடும்பம் மட்டும் என்றுதான் பணம் வாங்கினீர்கள். வாசலில் இன்னொரு குடும்பத்தைச் சேர்த்துவிட்டீர்கள். ஒரு மணி இருபது நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். அப்பாவுக்கு நேர்ந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

அப்பா 34 ஆண்டுகள் அரசுப் பள்ளியில் டிராயிங் மாஸ்டராக இருந்தவர். வயது 73, முழங்கால் வலி வேறு. இந்தப் பயணத்தில் அவர் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். பியரோ தெல்லா பிரான்செஸ்கா வரைந்த உர்பினோ பிரபு, அவர் மனைவி உருவப்படங்களின் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். முன்பக்கம் அவருக்கு மனப்பாடம். வலக்கண்ணை இழந்த பிரபு இடப்பக்கம் மட்டும் தெரியும்படி இருப்பது, மூக்குத் தண்டில் வெட்டியெடுத்தது போன்ற பள்ளம், கன்னத்து மருக்கள். கரும்பலகையில் அந்த மூக்கைப் போட்டுத்தான் பக்கவாட்டு முகம் வரையவே சொல்லிக்கொடுப்பார். மரப்பலகையில் வரைந்த அந்தப் படங்களின் பின்பக்கத்தில் பிரபுவும் மனைவியும் தேரில் போகிறார்கள். பிரபுவின் தேரை வெள்ளைக் குதிரைகள் இழுக்கின்றன, மனைவியின் தேரை ஒற்றைக் கொம்புக் குதிரைகள். சுற்றி வந்து பார்க்கத்தானே அந்தப் படங்களைச் சுவரில் மாட்டாமல் தனியாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள்?

அப்பா கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பின்பக்கம் போக இரண்டு அடி வைத்தார். அதற்குள் "நேரமில்லை, அடுத்து போத்திசெல்லி ஓவியங்கள்" என்று கூப்பிட்டுவிட்டார்கள். யாரையும் மறுத்துப் பேசிப் பழகாதவர். "சரிம்மா, போகலாம்" என்று என் பக்கம் திரும்பிவிட்டார். முடிந்ததும் நேராக வெளியே கொண்டுவந்து விட்டார்கள். வெளியே வந்தால் அதே டிக்கெட்டில் திரும்ப உள்ளே போக முடியாது என்பது அப்புறம்தான் எங்களுக்குத் தெரிந்தது. மறுநாள் காலை விமானம்.

வழிகாட்டிப் பெண்ணை நான் குறை சொல்லவில்லை. அடுத்த குழு காத்திருந்தது, பாவம், மணிக்கொரு தரம் அல்ல, நிமிடத்துக்கொரு தரம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவரை அப்படி ஓடவிட்டது நீங்கள். காசு கொடுத்தவர்களின் நேரத்தை ஒருவரிடமிருந்து எடுத்து இன்னொருவருக்கு விற்பது எந்த ஊரிலும் நியாயமில்லை.

1737-இல், ஃபுளோரன்சை ஆண்ட மெடிச்சி வம்சத்தின் கடைசி வாரிசான அன்னா மரியா லூயிசா, தன் குடும்பம் சேர்த்த இந்தக் கலைச்செல்வம் ஃபுளோரன்சை விட்டுப் போகக் கூடாது என்று ஒப்பந்தம் எழுதிவைத்தார். அதற்கு அவர் சொன்ன காரணங்களில் ஒன்று, வெளிநாட்டாரின் ஆர்வத்தை ஈர்ப்பது. அந்த ஆர்வத்தோடுதான் அப்பா அத்தனை தூரம் வந்தார். அவரைப் போல எத்தனையோ பேர் வாழ்நாள் சேமிப்போடு வருகிறார்கள். எல்லோரையும் இப்படி ஓட்டிக்கொண்டு போனால் அவர்கள் எதைப் பார்த்ததாக ஊருக்குத் திரும்புவார்கள்?

பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவதாக எழுதியிருந்தீர்கள், நன்றி. நான் கேட்பது அதுவல்ல. மூன்று மணி நேரம் என்றால் மூன்று மணி நேரம் கொடுங்கள். தனி என்றால் தனியாகவே கூட்டிப்போங்கள். முன்பதிவின்போதே, எந்தப் படத்தின் முன் அதிக நேரம் நிற்க விரும்புகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வெளியேறும் முன், திரும்பி வர முடியாது என்று சொல்லுங்கள். தயவுசெய்து இதை இந்தப் பருவத்திலேயே தொடங்குங்கள்.

அன்புடன்,
ஒரு டிராயிங் மாஸ்டரின் மகள்