ஜப்பான்காரன் காலத்தில் சோப்புக்கு என்ன செய்தார்கள்?

அன்புள்ள மலருக்கு,

சிங்கப்பூரை ஜப்பான்காரன் ஆண்ட காலத்தைப் பற்றி ஆதி கேட்டதாக நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய கேள்விகளைப் படித்தேன். "இதெல்லாம் பாட்டிக்குத்தான் தெரியும்" என்று அவனிடம் சொல்லி என் தலையில் கட்டிவிட்டாய். சரி, பரவாயில்லை. நான் 1956ல் பிறந்தவள், சண்டையைப் பார்க்காதவள் என்பதை முதலில் அவனிடம் சொல்லிவிடு. ஏழு வயதுப் பிள்ளைக்கு எழுபதும் நூறும் ஒன்றுதான். பாட்டி யானைப்படையைக்கூடப் பார்த்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டிருப்பான். எனக்குத் தெரிந்ததெல்லாம் என் அம்மா சொன்னது, சின்னம்மா சொன்னது, வேலையை விட்ட பிறகு விக்டோரியா ஸ்திரீட் நூலகத்தில் உட்கார்ந்து படித்தது. போனில் சொன்னால் பாதியில் "அப்புறம் பேசுறேன்மா" என்பாய். அதனால்தான் எழுதுகிறேன். அவனுக்கு எதைப் படித்துக் காட்டலாம், எதை விடலாம் என்று நீயே பார்த்துக்கொள்.

எனக்கு அவன் கேள்விகள் பிடித்திருந்தன. பள்ளிக்கூடத்தில் நம்மிடம் சிங்கப்பூர் ஏன் விழுந்தது, தளபதி யார், எந்தப் பக்கமாக எதிரி வந்தான் என்றுதான் கேட்டார்கள். பரீட்சை முடிந்ததும் மறந்துபோனது. இவன் கேட்டிருப்பது வேறு ரகம்.

"சண்டை நடக்கும்போது மணி என்ன?" என்று ஒன்று. நீ சிரிக்கும் பொம்மை போட்டு அனுப்பியிருந்தாய். சிரிக்க ஒன்றும் இல்லை, நல்ல கேள்வி. 1942 பிப்ரவரி 15, சீனப் புத்தாண்டின் முதல் நாள், புக்கிட் தீமா ஃபோர்டு தொழிற்சாலையில் ஆங்கிலேயர்கள் சரணடைந்தார்கள். ஊருக்குப் பெயர் ஷோனான் ஆனது. அதோடு கடிகாரத்தையும் டோக்கியோ நேரத்துக்கு மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ள வேண்டும். சூரியன் என்னவோ தன் பழைய நேரத்துக்குத்தான் வந்தது. கடிகாரம் எட்டு அடிக்கும்போதுதான் விடியும், இரவு எட்டுக்குத்தான் பொழுது சாயும். வேலைக்குப் போகிறவர்கள் கும்மிருட்டில் கிளம்பினார்கள். வருடத்தையும் விட்டுவைக்கவில்லை. ஜப்பானின் முதல் பேரரசர் காலத்திலிருந்து எண்ணும் கணக்கு ஒன்று உண்டு, அதன்படி 1942க்கு 2602 என்று பெயர். பத்திரிகையின் தலைப்பிலேயே அப்படித்தான் அச்சடித்தார்கள். ஆதியை 660ஐக் கூட்டிப் பார்க்கச் சொல். (நேரத்தை மாற்றுவது ஜப்பானியரோடு முடியவில்லை. மலேசியா தன் நேரத்தை ஒன்றாக்கியபோது நாமும் கூடவே மாற்றினோம். 1981 டிசம்பர் 31 இரவு பதினொன்றரையை நேராகப் பன்னிரண்டு ஆக்கினார்கள். அந்த அரை மணி நேரத்தை இன்னும் யாரும் எனக்குத் திருப்பித் தரவில்லை.)

"அவங்களே பணம் அடிச்சா எல்லாரும் பணக்காரங்கதானே?" என்று கேட்டிருக்கிறான் பார், இதற்குப் பொருளாதாரம் படித்த நீயே பதில் சொல்லியிருக்கலாம். ஜப்பானியர் அடித்த பத்து வெள்ளி நோட்டில் வாழைமரம் இருந்தது. அதனால் எல்லா நோட்டுக்குமே வாழைமர நோட்டு என்று பெயர் வந்துவிட்டது. முதலில் வரிசை எண் போட்டு அடித்தார்கள், பிறகு அதையும் விட்டுவிட்டார்கள். நோட்டு எவ்வளவு வேண்டுமானாலும் அடிக்கலாம், அரிசியை அடிக்க முடியாது. அவ்வளவுதான் விஷயம். விலை ஏறிக்கொண்டே போனது, நோட்டு குப்பையானது. 1945 செப்டம்பரில் ஆங்கிலேயர்கள் திரும்பி வந்து அந்தப் பணம் செல்லாது என்று சொன்னபோது, சேர்த்து வைத்திருந்தவர்களுக்குத்தான் அடி.

சாப்பாட்டைப் பற்றி அவன் கேட்கவே இல்லை, அது எனக்கு ஆச்சரியம். ஆனாலும் சொல்கிறேன். மலாயாவில் பால்மரமும் (ரப்பர் மரம்தான்) ஈயமும் ஏராளம், அரிசி மட்டும் பெரும்பாலும் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் (இப்போதைய தாய்லாந்து) கப்பலில் வர வேண்டும். பால்மரத்தைத் தின்ன முடியுமா? கப்பல்களை ராணுவம் எடுத்துக்கொண்டது, மிச்சத்தைக் குண்டு போட்டு மூழ்கடித்தார்கள். 1944 வாக்கில் ஓர் ஆணுக்கு மாதத்துக்கு எட்டு காட்டி (அந்தக் கால எடைக் கணக்கு) அரிசிதான் பங்கீடு. ஐந்து கிலோகூட வராது. பெண்களுக்கு அதைவிடக் குறைவு, பிள்ளைகளுக்கு இன்னும் குறைவு. அதனால் திடலிலும் கொல்லையிலும் மரவள்ளிக்கிழங்கு.

அந்தக் காலத்தைப் பற்றிப் பேசும் எல்லாரும் அந்தக் கிழங்கை அதன்பிறகு தொட்டதே இல்லை என்பார்கள். என் அம்மா அப்படி இல்லை, கடைசிவரை விரும்பிச் சாப்பிட்டார். எனக்கு அவர் சொல்லிக்கொடுத்த பக்குவம் இது: பழுப்புத் தோலுக்குக் கீழே இளஞ்சிவப்பாய் இன்னொரு தோல் இருக்கும், அதையும் உரித்துவிட வேண்டும். கிழங்கைத் துருவித் துணியில் கட்டிப் பிழிய வேண்டும். பிழிந்த தண்ணீரைச் சற்று நேரம் அசையாமல் வைத்தால் அடியில் வெள்ளையாக மாவு படியும். மேல்தண்ணீரில்தான் நஞ்சு, அதைக் கோழி குடிக்காத இடமாகப் பார்த்துக் கொட்ட வேண்டும். அடியில் நிற்கும் மாவையும், காயவைத்து இடித்த சக்கையையும் சேர்த்து ரொட்டி தட்டலாம், புட்டு அவிக்கலாம். பொரிக்கச் செம்பனை எண்ணெய்தான், செக்கச்செவேல் என்று இருக்கும். கசப்புக் கிழங்கு எது என்று தெரியாமல் தின்றவர்கள் வாந்தியெடுத்துக் கிடந்தார்கள் என்று அம்மா சொல்வார். பன்னிரண்டு வயதில் அம்மாவுக்குக் கிடைத்த பெரிய பொறுப்பு, பிழிந்த தண்ணீரை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்வது. தங்கைகள் சின்னவர்கள், தாகம் எடுத்தால் எதையும் குடிப்பார்கள்.

பள்ளிக்கூடம் இருந்தது. காலையில் டோக்கியோ இருக்கும் திசையைப் பார்த்துக் குனிந்து வணங்கி, ஜப்பானியப் பாட்டுப் பாடி, உடற்பயிற்சி செய்துவிட்டுத்தான் பாடம். தெருவில் காவல் நிற்கும் சிப்பாய்க்கும் குனிய வேண்டும், மறந்தால் கன்னத்தில் அறை.

இப்போது அவனுடைய அந்தக் கேள்விக்கு வருகிறேன். "நாம எந்தப் பக்கம்?" அவன் பார்க்கும் படங்களில் எல்லாருக்கும் ஒரு பக்கம் இருக்கிறது. நமக்கு?

அம்மா வீடு அப்போது ரேஸ் கோர்ஸ் ரோடு பக்கம். சரணடைந்து இரண்டு நாள் கழித்து, பிப்ரவரி 17, பக்கத்து ஃபேரர் பார்க் திடலில் ஏறத்தாழ 40,000 இந்தியச் சிப்பாய்களைக் கூட்டி நிறுத்தினார்கள். ஆங்கிலேய அதிகாரி அவர்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். பிறகு ஜப்பானியரோடு சேர்ந்துவிட்ட இந்திய அதிகாரி மோகன் சிங் பேசினார், இந்தியாவின் விடுதலைக்காகச் சண்டை போட வாருங்கள் என்றார். நிறையப் பேர் சேர்ந்தார்கள். கொடுத்த வாக்கை மீற மாட்டோம் என்று மறுத்தவர்களும் உண்டு. அவர்களில் பலர் நியூ கினித் தீவுவரை கைதிகளாகப் போய் மடிந்தார்கள். இதில் யார் சரி என்று எனக்கு இன்றைக்கும் தீர்ப்புச் சொல்லத் தெரியாது, நீ ஆதிக்குச் சொல்லிவிடாதே.

அதே வாரம் சீனர்களை வேறு மாதிரி கூட்டினார்கள். ஜாலான் புசார் போன்ற இடங்களில் நிறுத்தி ஆள் ஆளாகச் சோதித்தார்கள். தப்பியவர்களுக்குக் கையிலோ சட்டையிலோ முத்திரை குத்தி அனுப்பினார்கள். அது அழிந்துவிடக் கூடாதே என்று நாள்கணக்கில் அந்த இடத்தைக் கழுவாமல் இருந்தார்கள். மற்றவர்களை லாரியில் ஏற்றிப் போய்க் கடற்கரையில் சுட்டார்கள். ஜப்பானியர் ஒப்புக்கொண்டது சுமார் 5,000, சீனச் சமூகம் சொல்வது அதைப்போலப் பல மடங்கு. பக்கத்து மளிகைக் கடைக்காரரின் மூத்த மகன் திரும்பவில்லை. அந்த வீட்டு அம்மா வாசலில் நிற்கும்போது, நம் வீட்டில் வானொலியில் தமிழ்ப்பேச்சு கேட்கச் சங்கடமாக இருந்தது என்று அம்மா சொன்னதுண்டு.

ஏனென்றால் அடுத்த ஆண்டு நம் பக்கம் திருவிழா மாதிரி ஆகிவிட்டது. 1943 ஜூலையில் நேதாஜி வந்தார். ஜூலை 5 பாடாங் திடலில் படை அணிவகுப்பு, அக்டோபர் 21 கேத்தே கட்டடத்தில் சுதந்திர இந்திய அரசு அறிவிப்பு. மறுநாளே வாட்டர்லூ ஸ்திரீட்டில் பெண்களுக்கு ஜான்சி ராணிப் படை முகாம். அதற்குத் தலைவி சென்னையிலிருந்து இங்கே வந்து வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன். படையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள், இந்தியாவைக் கண்ணால் பார்க்காதவர்கள். பார்க்காத ஊருக்காகத் துப்பாக்கி தூக்கினார்கள் என்பதை நான் அதிசயமாகவே நினைத்திருந்தேன். பிறகுதான் தோன்றியது: கங்காணிக்கும் துரைக்கும் தலைகுனிந்தே வளர்ந்த பெண்ணுக்கு நிமிர்ந்து நட என்று யாராவது சொன்னால் போதாதா? நேதாஜியின் படையில் ஒரே சமையல், ஒரே பந்தி. ஆங்கிலேயர் படையில் மதத்துக்கொரு சமையல் நடந்தது. டேங்க் ரோடு செட்டியார் கோயிலுக்கு நேதாஜியை அழைத்தபோது, எல்லாச் சாதி மதத்தாரையும் உள்ளே விட்டால்தான் வருவேன் என்றார். விட்டார்கள், முஸ்லிம் அதிகாரிகளையும் கூட்டிக்கொண்டே போனார். போர் முடிந்ததும் அது பழையபடி ஆகியிருக்கும் என்பது வேறு. பெரியம்மா கையிலிருந்த ஒரு ஜோடி வளையலைக் கழற்றிக் கொடுத்தது அந்த ஆண்டுதான். வீட்டில் கிழங்குக்கே திண்டாட்டம்.

அதே 1943ல் உன் தாத்தா குடும்பம் ஜொகூர்த் தோட்டத்தில். அவருடைய அண்ணனுக்குச் சயாமில் நல்ல சம்பளம், சீக்கிரம் திரும்பலாம் என்று சொல்லி ரயிலேற்றினார்கள். ஜப்பானியர் போடவைத்த 415 கிலோமீட்டர் ரயில் பாதை, சயாமிலிருந்து பர்மாவுக்கு. அக்டோபரில் வேலை முடிந்தது, பெரியப்பா வரவில்லை. காலரா என்று யாரோ வந்து சொன்னார்களாம். வளையல் கொடுத்தவர்களின் கூட்டாளிதான் பெரியப்பாவைக் கொன்றவன். இரண்டு குடும்பமும் பிறகு சம்பந்தம் செய்துகொண்டது, நான் பிறந்தேன். எங்கள் வீட்டில் ஆகஸ்ட் மாதம் அம்மா நேதாஜி படத்துக்குப் பூ வைப்பார், அப்பா ஒன்றும் சொல்லாமல் வெளியே கிளம்பிவிடுவார். நாம் எந்தப் பக்கம் என்று ஆதிக்கு நீ எப்படிச் சொல்லப்போகிறாயோ!

"எத்தனை பேர் செத்தாங்க?" என்பதற்கும் நேரான பதில் கிடையாது, ஆனால் அது ஏன் இல்லை என்று சொல்லலாம். அந்த ரயில் பாதையில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நேசநாட்டுக் கைதிகள் இறந்தார்கள். தாய்லாந்தில் காஞ்சனபுரி கல்லறைத் தோட்டத்தில் ஏறக்குறைய 7,000 பேருக்குப் பெயர் பொறித்த கற்களும் வெட்டிவிட்ட புல்லும் இருக்கின்றன. நானும் உன் அப்பாவும் போய்ப் பார்த்தோம். இறந்த ஆசியத் தொழிலாளிகள் பல பத்தாயிரம் பேர், அதில் தமிழர்கள் மிக அதிகம். படைக்குப் பட்டியல் இருந்தது, கூலிக்கு யார் பட்டியல் வைத்தார்கள்? அந்தக் கல் வரிசைக்கு நடுவே உன் அப்பா வெயிலில் ரொம்ப நேரம் நின்றார், "நம்ம ஆளுங்க எங்கே?" என்று வழிகாட்டியிடம் கேட்டார். அவன் ஆற்றுப் பக்கம் பொதுவாகக் கையைக் காட்டினான்.

இனி ஒரு வேலை சொல்கிறேன். சின்னம்மாவுக்கு வயது தொண்ணூற்றொன்று, ஞாபகம் கெட்டி. அப்போது எட்டு வயதுப் பிள்ளை. பள்ளிப் பிள்ளைகள் யாராவது வந்து "அப்போ எப்படி உணர்ந்தீங்க பாட்டி?" என்று கேட்டால் "பயமா இருந்துச்சு" என்று ஒரு வார்த்தை சொல்லி முடித்துக்கொள்வார். போன மாதம் நான் போயிருந்தபோது, சோப்புக்கு என்ன செய்தீர்கள் சின்னம்மா என்று சும்மா கேட்டேன். ஒரு மணி நேரம் பேசினார். செம்பனை எண்ணெயில் சோப்புக்காரம் கலந்து காய்ச்சியது, அது கெட்டியாகாமல் கொழகொழவென்று கொட்டாங்கச்சியில் நின்றது, அதைக் கடன் கொடுத்த பக்கத்து வீட்டு மலாய்க்கார மாக்சிக், குண்டு விழுந்த அன்றைக்குக் கொடியில் காய்ந்த துணி, அதை எடுக்கப் போன சின்னம்மாவின் தம்பி. அந்தத் தம்பியைப் பற்றி என் அம்மாகூட என்னிடம் சொன்னதில்லை. தேசிய ஆவணக் காப்பகத்தில் 1979லிருந்து இப்படிப் பெரியவர்களைப் பேசவைத்துப் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள், தமிழிலும் இருக்கிறது. கேட்டுப் பார், பேட்டி எடுப்பவர் ஒரு சாமானைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் பேசுகிறவரின் குரல் மாறும்.

அதனால் ஆதியை இன்னும் கேள்விகள் எழுதச் சொல். தமிழிலேயே எழுதட்டும், எழுத்துப்பிழை இருந்தால் இருக்கட்டும். செருப்பு, விளக்கு, பல் விளக்குவது, மழை, நாய் என்று எதை வேண்டுமானாலும் கேட்கலாம். பயம், சோகம் மட்டும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலை நான் சின்னம்மா வீட்டில் இருப்பேன், பத்து மணிக்கு வீடியோவில் கூப்பிடுகிறேன், உங்களுக்கு அப்போது மதியம் ஒரு மணி. அவனுக்குச் சாப்பாடு கொடுத்துத் தயாராக வை. சத்தமாகப் பேச வேண்டும், சின்னம்மாவுக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது.

அன்புடன்,
அம்மா