உன் இச்சி மரத்தைத் தூக்கிப் போட்டுவிடாதே

சுங்கை சிப்பூட்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. பேத்திக்கு ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்த சேதியை அம்மாவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். 82 வயது, காது மந்தம். நல்ல சேதி என்றால் மட்டும் "இன்னொரு தடவை படி" என்பார். இங்கே தினமும் சாயங்காலம் மழை. மற்றபடி எல்லாரும் சுகம்.

பூனை விஷயத்துக்கு வருகிறேன். தொட்டியில் குட்டையாக வளர்க்கிற உன் போன்சாய் இச்சி மரத்தின் அடியில் விரல் நீளத்துக்குப் பட்டையைப் பிறாண்டிக் கிழித்துவிட்டது, பத்து நாளாகப் பார்க்கவே மனசு வரவில்லை, தூக்கிப் போடப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். வேண்டாம்டி. தண்டைச் சுற்றி வளையமாக உரிந்திருந்தால்தான் பயப்பட வேண்டும். இலை சமைக்கிற சாப்பாடு பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. ஒரு பக்கம் போனால் மறுபக்கம் தாங்கிக்கொள்ளும். கிழிந்த அன்றே பார்த்திருந்தால், அந்தப் பட்டையை அப்படியே ஒட்டவைத்து பிளாஸ்டிக் சுற்றிக் கட்டச் சொல்லியிருப்பேன். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே காகிதத்தைவிட மெல்லிய ஈரச்சவ்வு ஒன்று இருக்கிறது. புதுப்பட்டை அதிலிருந்துதான் பிறக்கும். காய்ந்துபோனால் அந்த இடத்தில் மறுபடி வராது. சுற்று ஓரத்திலிருந்து வளர்ந்து வந்துதான் மூட வேண்டும்.

இது நமக்குத் தெரியாத வித்தையா? விடியுமுன்னே நெற்றி விளக்கோடு அம்மா ரப்பர் மர நிரையில் பால் வெட்டிக்கொண்டே போக, நான் பால் பிடிக்கிற மங்கைத் துடைத்துக்கொண்டே பின்னால் நடந்தது ஞாபகம் இருக்கிறது. கத்தி இடப்பக்க மேட்டிலிருந்து வலப்பக்கச் சரிவுக்கு ஒரே இழுப்பில் இறங்கும். ஒன்றரை மில்லிமீட்டர் சீவல், சுருண்டு என் கால்மேல் விழும். உள்ளே ஒரு மில்லிமீட்டர் பட்டையாவது மிச்சம் நிற்க வேண்டும். "எலும்பத் தொட்டுடாதே" என்பார் அம்மா. கட்டைக்கு அவர் வைத்த பேர் அது. எலும்பு படாத இடத்தில் ஏழெட்டு வருஷத்தில் மறுபடியும் வெட்டுகிற அளவுக்குப் பட்டை வந்துவிடும். எலும்பு பட்ட இடம் முடிச்சு முடிச்சாகப் புடைத்து, கத்தியே ஏறாது. பட்டையைச் சீவி, அதே வெட்டைத் திரும்பத் திறந்து பால் எடுக்கிற இந்த முறையை 1890களில் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ரிட்லி வகுத்தார் என்று பின்னால் படித்தேன். அதற்கு முன்னால் அமேசான் காட்டில் சின்னக் கோடாரியால் கொத்தித்தான் எடுத்தார்களாம். நினைத்தாலே வலிக்கிறது.

இவ்வளவு தெரிந்தும் என் போன்சாய் மரமான வாட்டர் ஜாஸ்மினை நானே காயப்படுத்தினேன். போன வருஷம் அம்மா விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வளைப்பதற்காகச் சுற்றிய கம்பியை நான்கு மாதம் மறந்துவிட்டேன். திரும்பி வந்து பார்த்தால் கம்பி பட்டைக்குள் புதைந்திருந்தது. துண்டு துண்டாக நறுக்கி எடுத்திருக்க வேண்டும். அவசரத்தில் சுழற்றி இழுத்தேன், பட்டையும் கூடவே வந்துவிட்டது. மூன்று தீக்குச்சித் தலை அகலத்துக்கு வெள்ளைக் கட்டை தெரிந்தது.

பிய்ந்து தொங்கிய ஓரத்தைக் கூர்க்கத்தியால் உயிர்ப்பட்டை வரைக்கும் சுத்தமாக வெட்டினேன். ஓரம் காயாமல் இருக்க, மரக்காயத்துக்குப் பூசுகிற பசை தடவினேன். அப்புறம் கை வைக்கவில்லை. காயத்துக்கு மேலே இருந்த ஒரு கிளையை மட்டும் கத்தரிக்காமல் ஓட விட்டேன். அது ஒரு முழத்துக்கு மேல் போய், பார்க்க அசிங்கமாக நின்றது. ஆனால் அந்தக் கிளை சமைப்பதெல்லாம் காயத்தின் ஓரம் வழியாகத்தானே இறங்கியாக வேண்டும்? இரண்டு பக்கமும் உதடு மாதிரிப் புடைத்து வந்தது. மேலும் கீழும் அவ்வளவு வேகம் இல்லை. ஆறாவது மாதம் உதடு அப்படியே நின்றுபோனபோது, பிளேடால் அதன் விளிம்பில் நூல் அளவுக்குச் சீவிவிட்டேன், மறுபடி நகர ஆரம்பித்தது. இப்போது பதினான்கு மாதம். மிச்சம் ஒரு தீக்குச்சித் தலை அகலம்தான்.

ஒன்று சொல்ல வேண்டும். மூடிவிட்டால் காயம் போய்விட்டது என்று நினைக்காதே. நம் தோட்டத்தை அழித்துச் செம்பனை போட்டபோது, வெளியே வழுவழுப்பான பட்டையோடு இருந்த பால் மரங்களை அறுத்தார்களே, உள்ளே பழைய வெட்டுக்காயம் கறுப்புக் கோடாக அப்படியே இருந்ததை நாம் இரண்டு பேரும் தொட்டுப் பார்த்தோம். அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்து, 1977இல் எழுதியதும் இதைத்தான். கெட்டுப்போன கட்டையை மரம் திரும்ப நல்லதாக்குவதில்லை. அதைச் சுற்றிச் சுவர் எழுப்பிவிட்டு, வெளியே புதிதாக வளர்ந்துகொள்கிறது. பசை பூசுவதால் அழுகல் நிற்காது என்றும் அவர் காட்டினார். அதனால் நீ பசையைப் பெரிதாக நம்பாதே, ஓரம் காயாமல் இருந்தால் போதும்.

உன்னுடையது இச்சி. அதுவும் பால் உள்ள மரம், சீக்கிரம் மூடும். காகிதப்பூவாக இருந்தால் நானும் கவலைப்பட்டிருப்பேன், அதன் கட்டை இந்த ஈரத்தில் உளுத்துவிடும். இந்த வருஷம் தொட்டி மாற்றாதே, வேரை வெட்டாதே. காயத்துக்கு மேல் இருக்கிற கிளையை ஓட விடு, வெயிலில் வை, உரம் போடு. சின்னத் தொட்டியில் எல்லாமே மெதுவாகத்தான் நடக்கும். காயத்துக்குப் பக்கத்தில் ஒரு தீக்குச்சியை வைத்துப் படம் எடுத்து, மாதம் ஒன்று எனக்கு அனுப்பு.

நேற்றுச் சாயங்காலம் மழை விட்டதும் வாட்டர் ஜாஸ்மினை அம்மாவின் மடியில் கொண்டுபோய் வைத்தேன். கண் சரியாகத் தெரியாது. கட்டைவிரலால் அந்த உதட்டை மேலிருந்து கீழே தடவினார், பழைய வெட்டுச் சரிவிலேயே. எலும்பு இருக்கிற இடம் வந்ததும் விரலைத் தூக்கிக்கொண்டார். "இன்னும் கொஞ்சம் இருக்கு" என்றார்.

தீபாவளிக்குக் கிள்ளானிலிருந்து வருவாய் அல்லவா? அம்மா உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அன்புடன்,
உன் பக்கத்து லயத்துக்காரி