நாணயத் தொகுப்புக்குக் காப்பீடு: நண்பருக்கு ஒரு கடிதம்

அன்புமிக்க நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்து நல்லபடியாக நடந்தேறியதும், மகனுடன் சில மாதங்கள் தங்கிவரக் கனடா புறப்படுவதும் அறிந்து மகிழ்ந்தோம். இங்கே அனைவரும் நலம். என் முழங்கால் வலி மட்டும் மழைக்காலம் வந்தால் தவறாமல் எட்டிப்பார்க்கிறது.

பயணத்துக்கு முன் நாணயத் தொகுப்பை என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். வீட்டுக்குத்தான் பாலிசி இருக்கிறதே, அதில் காசுகளும் அடங்கிவிடாதா என்ற உங்கள் எண்ணத்தை முதலில் மாற்றிக்கொள்ள வேண்டும். நீங்கள் எடுத்திருப்பது பாரத் கிருஹ ரக்ஷா என்ற பொதுவான வீட்டுக் காப்பீட்டுத் திட்டம் என்றால், 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள அந்தப் பொது வாசகத்தைப் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். தீ, புயல், வெள்ளம் போன்றவற்றால் வரும் சேதத்தை அது ஏற்கிறது. ஆனால் திருட்டைப் பொறுத்தவரை, அத்தகைய பேரிடர் ஒன்றின் காரணமாக, அது நிகழ்ந்த ஏழு நாட்களுக்குள் களவு போனதை மட்டுமே ஏற்கிறது. ஊருக்குப் போயிருக்கும்போது பூட்டை உடைத்து அள்ளிச் சென்றால் அதற்குத் தனியாகக் களவுக் காப்பீடு வேண்டும். அதைவிட முக்கியமானது, நாணயங்களும் பணத்தாள்களும் பாலிசியில் வெளிப்படையாகக் குறிப்பிடப்படாதவரை அதன் பாதுகாப்பில் சேராது என்ற விலக்கு. அதே பாலிசியில், கூடுதல் பிரீமியம் செலுத்தினால் நகை, வெள்ளிப் பாத்திரம், ஓவியம், பழம்பொருள் முதலியவற்றை முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்புக்குச் சேர்க்கும் வசதியும் இருக்கிறது. உங்களுடைய நட்சத்திர வராகன் என்ற பழைய தங்கக் காசு பழம்பொருளா, நாணயமா என்ற வழக்கு, பொருள் காணாமல் போன பிறகு எழுந்தால் நமக்குச் சாதகமாக முடியும் என்று நான் நம்பவில்லை. ஆகவே இன்னின்ன நாணயங்கள், இன்ன மதிப்புக்கு என்று பாலிசியோடு இணைந்த பட்டியலிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். முகவர் வாய்மொழியாகத் தரும் உறுதி செல்லாது.

வங்கி லாக்கரில் வைத்துவிட்டுப் போகலாம் என்று அண்ணி சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் லாக்கர் வேறு, காப்பீடு வேறு. உள்ளே என்ன இருக்கிறது என்பது வங்கிக்குத் தெரியாது. ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் வெளியிட்டு 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, தீ, திருட்டு, கொள்ளை, கட்டட இடிவு, வங்கி ஊழியரின் மோசடி ஆகியவற்றால் இழப்பு நேர்ந்தால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல் நூறு மடங்கோடு நின்றுவிடும். ஆண்டுக்கு 3,000 ரூபாய் வாடகை என்றால் அதிகபட்சம் மூன்று இலட்சம். வெள்ளம், நிலநடுக்கம் போன்ற இயற்கைச் சீற்றங்களுக்கு அந்தப் பொறுப்பும் கிடையாது. 2015 டிசம்பரில் சென்னையைச் சூழ்ந்த தண்ணீரைப் பார்த்த நமக்கு இது வெறும் சட்ட வாசகமாகத் தோன்றாது. லாக்கரில் உள்ள பொருளுக்கான காப்பீட்டை வங்கியே விற்கவும் கூடாது. அதை நாமேதான் வெளியே எடுத்துக்கொள்ள வேண்டும்.

களவுக் காப்பீட்டிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பல பாலிசிகள், பூட்டையோ கதவையோ உடைத்து வன்முறையாக நுழைந்ததற்கான அடையாளத்தைக் கேட்கின்றன. பாலிசியில் அப்படி நிபந்தனை இருந்தால் வெறும் திருட்டு அதில் அடங்காது என்று உச்ச நீதிமன்றமே 2004இல் ஒரு வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. சாவியைக் கொடுத்து வைத்தவரே ஓசைப்படாமல் எடுத்துச் சென்றால் என்ன ஆகும் என்று கையெழுத்திடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். வீடு தொடர்ச்சியாக எத்தனை நாள் பூட்டியிருக்கலாம் என்பதற்கும் வரம்பு வைத்திருப்பார்கள். உங்களுக்கு இப்போது மிகவும் தேவையான விவரம் இதுதான். பயணத்தை நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்து, அவர்கள் ஒப்புக்கொண்டதற்கான பதிலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இவை அனைத்தையும்விட நான் பெரிதாக மதிப்பது பதிவேட்டைத்தான். உங்களுக்கு எல்லாம் நினைவில் இருக்கிறது. இழப்பை மதிப்பிட வரும் காப்பீட்டுச் சர்வேயருக்கு நினைவு பயன்படாது. ஒவ்வொரு காசுக்கும் முன்பக்கம், பின்பக்கம், விளிம்பு என மூன்று படங்கள் எடுங்கள். நகைக்கடைத் தராசில் மில்லிகிராம் வரை எடை பார்த்து எழுதுங்கள். விட்டம், வாங்கிய நாள், விலை, ரசீது ஆகியவை அருகிலேயே இருக்கட்டும். நட்சத்திர வராகனில் பெருமாள் உருவத்தின் தோளருகே ஒரு சிறு வெட்டுத் தழும்பு இருக்கிறதே, அதைப் பெரிதாக்கிப் படமெடுங்கள். சற்றேறக்குறைய 3.4 கிராம் எடையில் அத்தகைய வராகன் ஆயிரக்கணக்கில் உண்டு. இது உங்களுடையது என்று காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் காட்ட உதவுவது அந்தத் தழும்பு ஒன்றே. பதிவேட்டின் ஒரு படியை மகனிடம் கொடுத்துவிடுங்கள். காசுகள் இருக்கும் பீரோவிலேயே பதிவேட்டையும் வைத்தால் இரண்டும் சேர்ந்தே போகும்.

மதிப்பீட்டுச் சான்று வாங்க நகை மதிப்பீட்டாளரிடம் போகாதீர்கள். அவர் 1939ஆம் ஆண்டு ஜார்ஜ் மன்னர் வெள்ளி ரூபாயை 11.66 கிராம் வெள்ளியாகவே பார்ப்பார். சேகரிப்பாளர்கள் அதற்குத் தரும் விலையோ வெள்ளி விலையைப் போல் பல மடங்கு. அந்த ரூபாய்க்குப் போலிகள் மலிந்து கிடப்பதால், நாணயங்களைச் சோதித்துத் தரச் சான்று தரும் என்.ஜி.சி. அல்லது பி.சி.ஜி.எஸ். நிறுவனத்தின் சான்று எண்ணோடு உறையில் அடைத்து வாங்குவது செலவானாலும் தகும். மொத்த மதிப்பு ஐந்து இலட்சத்துக்குள்ளும், தனிப்பொருள் ஒவ்வொன்றும் ஒரு இலட்சத்துக்குள்ளும் இருந்தால் பாரத் கிருஹ ரக்ஷாவில் மதிப்பீட்டுச் சான்று தேவையில்லை என்ற சலுகை உண்டு. ஆயினும் பின்னால் வாதாடுவதற்குச் சான்று கையில் இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

எல்லாவற்றையும் காப்பீடு செய்ய வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். பாண்டிச்சேரி செப்புக் காசுகளும் நூற்றுக்கணக்கான அணாக்களும் உங்களுக்கு அருமை. பிரீமியம் கட்டும் அளவுக்கு அவற்றில் பணமில்லை. விலையுயர்ந்த சிலவற்றை மட்டும் பட்டியலில் சேருங்கள். தரங்கம்பாடி டேனிஷ் காசுகளை முழுத் தொகுதியாகச் சேர்த்திருக்கிறீர்கள். அதில் ஒன்று தொலைந்தால் அந்த ஒன்றின் விலையை மட்டுமே தருவார்கள், தொகுதி குலைந்ததற்கு ஈடு தர மாட்டார்கள் என்ற நிபந்தனை பெரும்பாலும் இருக்கும். அதைப் பேசிப் பாருங்கள். இன்னொன்று: வாட்ஸப் குழுவில் படங்களைப் போடுவதைப் பயணம் முடியும் வரையாவது நிறுத்தி வையுங்கள். நம் குழுவில் இப்போது யார் யார் இருக்கிறார்கள் என்று எனக்கே தெரியவில்லை.

முன்மொழிவுப் படிவத்தை நிரப்பியதும், கையெழுத்திடுவதற்கு முன் அதையும் பட்டியலையும் எனக்கு ஒரு பார்வைக்கு அனுப்புங்கள். அண்ணிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். கனடாக் குளிருக்கு நல்ல கம்பளி உடைகளை இங்கிருந்தே வாங்கிச் செல்லாமல் அங்கே போய் வாங்குவது உசிதம் என்று என் மருமகன் சொல்லச் சொன்னார்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்