குற்றாலத்துச் சாரலில் எங்களைக் குடிவைத்தவர்களுக்கு

பாளையங்கோட்டை வெயிலை விட்டுக் குற்றால மலையடிவாரத்துக்குக் குடிவந்த எங்கள் குடும்பத்துக்குக் கைகொடுத்த தெருக்காரர்களுக்கும், தச்சருக்கும், கொத்தனாருக்கும், பள்ளி அலுவலகத்தாருக்கும் மனமார்ந்த நன்றி. நேரில் சொல்லியாயிற்று, ஆனாலும் எழுதிவைக்கத் தோன்றுகிறது. நீங்கள் வேலையை முடித்துக்கொடுத்த கையோடு, ஏன் அப்படிச் செய்ய வேண்டும் என்பதையும் சொல்லித் தந்தீர்கள். இனி இங்கே குடிவருகிறவர்களுக்கும் அது போய்ச் சேரட்டும்.

தச்சர் அண்ணாச்சிக்குத்தான் பெரிய கடன். ஆனி பிறந்து மேல்காற்றோடு சாரல் விழத் தொடங்கியதும் கதவுகள் நிலையில் இறுகிக்கொள்ளும். உடனே இழைப்புளியை எடுக்கச் சொல்லத்தான் யாருக்கும் தோன்றும். நீங்கள் கூடாது என்று தடுத்தீர்கள். மரம் ஈரம் குடித்து அகலவாட்டில் ஊதுகிறது. நீளவாட்டில் ஏறக்குறைய மாறுவதில்லை. சாரல் காலத்தில் இழைத்துத் தள்ளினால் பங்குனி வெயிலில் மரம் சுருங்கும்போது விரல் நுழைகிற சந்து விழும், தாழ்ப்பாளும் எட்டாது. உரசுகிற இடத்தில் மெழுகுவத்தியைத் தேய்த்து விட்டுக் காலத்தைக் கடத்த வேண்டும். கோடையில் மரம் நன்றாக உலர்ந்திருக்கும்போது சுற்றிலும் 3 மில்லிமீட்டர் இடைவெளி வைத்து இழைத்து, அன்றைக்கே வார்னிஷ் அடித்துவிட வேண்டும். கதவின் அடிவிளிம்பிலும் மேல்விளிம்பிலும் வார்னிஷ் போடாமல் விடுவதுதான் பாதித் தொல்லைக்குக் காரணம் என்று சொன்னீர்களே, அது பொன்னான பேச்சு. செங்குத்துச் சட்டங்களின் வெட்டுமுனை அங்கேதான் திறந்து கிடக்கிறது. மரம் தண்ணீரை அதன் வழியாகத்தான் அதிகம் உறிஞ்சும். கதவைக் கழற்றாமல் அடிவிளிம்புக்குத் தூரிகை போகாது. ஆகவே கீல் மாட்டுவதற்கு முன்பே அதை முடித்துவிட வேண்டும்.

கொத்தனார் அண்ணாச்சி மேற்குச் சுவரைக் காட்டிச் சொன்னதும் அதே அளவுக்குப் பெரியது. ஆரியங்காவுக் கணவாய் வழியாக வருகிற காற்று சாரலைப் படுக்கைவாட்டில் அடிக்கிறது. சன்ஷேடின் மேல் விழுந்த தண்ணீர் விளிம்பில் சொட்டாமல், அடிப்பக்கமாக ஒட்டிக்கொண்டே ஓடிச் சுவரில் இறங்கும். அடிப்பக்கத்தில் விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே தள்ளி, விரல் அகலத்துக்கு ஒரு பள்ளத்தை நீளமாக இழுத்துவிட்டால் தண்ணீர் அதைத் தாண்ட முடியாமல் அங்கேயே சொட்டிவிடும். ஜன்னல் திண்டு வெளிப்பக்கமாகச் சரிந்திருக்க வேண்டும். ஈரம் ஏறிய சுவரில் பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் உள்ளே இருக்கிற ஈரம் வெளியேற வழியில்லாமல் கொப்புளம் விட்டு உரிகிறது. சுண்ணாம்பு அடித்த சுவர் காய்ந்துகொள்ளும். இந்த வேலையெல்லாம் வைகாசிக்குள் முடிந்திருக்க வேண்டும். சாரலில் பூசிய பூச்சு காயவே காயாது.

எதிர்வீட்டு ஆச்சிக்கு: பீரோவைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி, செங்கல் உயரத்துக்குத் தூக்கி வைக்கச் சொன்னீர்கள். பூஞ்சணம் முதலில் பிடிப்பது காற்று ஓடாத அந்தப் பின்பக்கத்தில்தான். உள்ளே வைக்கிற கற்சுண்ணாம்பைப் பற்றி நீங்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறோம். தண்ணீர் பட்டு நீர்த்துப்போகாத கல்லாக இருக்க வேண்டும். மண்சட்டியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போடக் கூடாது. ஈரத்தை இழுத்து மாவாக உதிரும்போது அது இரண்டு மூன்று மடங்கு பொங்கும். முழுக்க மாவாகிவிட்டால் அதன் வேலை முடிந்தது, மாற்ற வேண்டியதுதான். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் கொதிக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பிள்ளைகள் கைக்கு எட்டாத மேல்தட்டில்தான் அதற்கு இடம். அந்துருண்டை பூச்சியை விரட்டும், ஈரத்தை இழுக்காது. பட்டுச் சேலைகளைப் பிளாஸ்டிக் பையில் போட்டால் உள்ளிருக்கும் ஈரம் சரிகையைக் கறுக்கவைக்கும். பழைய பருத்தி வேட்டியில்தான் பொதிய வேண்டும்.

மாவு புளிக்காத கவலையைத் தீர்த்ததும் ஆச்சிதான். அளவு பாளையங்கோட்டையில் போட்ட அதே அளவுதான்: 4 உழக்கு இட்லி அரிசிக்கு 1 உழக்கு உளுந்து, ஒரு சின்னக் கரண்டி வெந்தயம். குளிர்ந்த தண்ணீரை விடாமல் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு ஆட்டி, கையால் கரைத்து, வெந்நீர் வைத்த அகலப் பாத்திரத்துக்குள் மாவுச் சட்டியை இறக்கிவைத்தால் சாரல் இரவிலும் பொங்குகிறது. கல்லுப்பு கசியாமலிருக்கப் பீங்கான் ஜாடி. மிளகாய் வற்றலைச் சித்திரை வெயிலிலேயே காயவைத்துத் திரித்துவிட வேண்டும். ஆடியில் காயவைத்தால் நடுவில் வெள்ளைப் பூஞ்சணம் வந்துவிடும்.

பால்கார அண்ணாச்சி தண்ணீர் விஷயத்தைச் சொன்னார். இந்த மலைத் தண்ணீரில் உப்பு குறைவு. சோப்புத்தூள் பாதி போதும், பருப்பும் சீக்கிரம் வெந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் குழாயில் கலங்கல் வந்தால், மண்பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரசித் தண்ணீரை ஊற்றிவைத்தால் மண் திரண்டு அடியில் தங்கும். அது மண்ணைத்தான் எடுக்கும், கிருமியை எடுக்காது. தெளிந்த பிறகு கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும். அந்த மாதங்களில் மழை கிழக்கிலிருந்து வருவதால் ஜன்னல் கணக்கும் மாறிவிடும்: ஆனி, ஆடியில் மேற்கை அடைத்துக் கிழக்கைத் திறந்தோம், ஐப்பசி, கார்த்திகையில் நேர்மாறு.

பள்ளிச் சேர்க்கையில் உதவிய அலுவலக உதவியாளருக்கு நன்றி. மாற்றுச் சான்றிதழ் கையில் இருந்தால் மட்டும் போதாது. எமிஸ் என்கிற பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவுத் தளத்தில் பழைய பள்ளி பிள்ளையின் பதிவைப் பொதுத் தொகுப்புக்கு விட்டுக்கொடுத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் புதிய பள்ளி எடுத்துக்கொள்ள முடியும். ஊரை விட்டுக் கிளம்பும் முன் அங்கேயே கேட்டு உறுதிசெய்துகொள்வது நல்லது. 2019 நவம்பர் 22 முதல் இந்த ஊர் தென்காசி மாவட்டம். பழைய பத்திரங்களில் திருநெல்வேலி என்று இருந்தாலும், புதிய முகவரி விண்ணப்பத்தில் தென்காசி என்றே போட வேண்டும்.

குரங்குகளைப் பற்றி மதினிகள் சொன்னது: முகத்தை முறைத்துப் பார்க்கக் கூடாது, பல்லைக் காட்டிச் சிரிக்கக் கூடாது, அவற்றுக்கு இரண்டுமே சண்டைக்கு அழைப்பு. ஜன்னலுக்கு ஓர் அங்குலக் கம்பிவலை. மாடித் தண்ணீர்த் தொட்டி மூடியைக் கம்பியால் இறுக்கிக் கட்ட வேண்டும். கடித்தாலோ பிறாண்டினாலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடி ஊசி போட வேண்டும்.

அருவிக்கரைக் கடைக்காரர்கள் எங்கள் பிள்ளைகளைப் பக்கத்தில் நிறுத்திப் பழக்கினார்கள். அதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. கீழே வெயில் அடித்தாலும் மேலே மழை பெய்திருக்கும். தண்ணீர் செம்மண் நிறமாக மாறினாலோ, இலையும் சுள்ளியும் சேர்ந்து விழுந்தாலோ, இரைச்சல் கனத்தாலோ, துண்டையும் செருப்பையும் தேடாமல் அந்த நொடியே வெளியேற வேண்டும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென இறங்கிய வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோனது. அது சாரல் காலம் தொடங்கும் முன், கோடையில் நடந்தது என்பதைப் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னீர்கள்.

எங்கள் வீட்டில் ஜன்னலுக்கு அடித்தது போகக் கம்பிவலைத் துண்டுகள் மீதி இருக்கின்றன. வார்னிஷும் அரை டப்பாவுக்கு மேல் கிடக்கிறது. தெருவுக்குப் புதிதாக வருகிறவர்கள் யாராக இருந்தாலும் வந்து எடுத்துக்கொள்ளலாம். வைகாசிக்கு முன் வந்தால் கதவைக் கழற்றி மாட்டவும் நாங்கள் கூட நிற்போம்.

இப்படிக்கு,
கிழக்கு வரிசையில் புதிதாகக் குடிவந்த குடும்பத்தார்