பனிக்காலத்தில் ஒரு நீராட்டு

பெர்லின்

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கு நால்வரும் நலம். அப்பாவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

"இந்தப் பனியில் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்கினாயா? அதற்கு எவ்வளவு பணம் அழுதாய்?" என்று போனில் கேட்டீர்கள். அவசரத்தில் சொல்ல முடியவில்லை. விவரமாக எழுதுகிறேன்.

நாங்கள் போனது பெர்லினுக்குத் தெற்கே உள்ள டிராபிக்கல் ஐலண்ட்ஸ் என்ற நீர்ப்பூங்கா. சோவியத் படை விட்டுப்போன விமானத் தளத்தில், சரக்கு ஏற்றும், வாயு நிரப்பி மிதக்கும் வான்கப்பல்களைக் கட்டுவதற்காக எழுப்பிய கொட்டகை அது. அதை எழுப்பிய நிறுவனம் 2002-இல் திவாலாகிவிட, 2004 டிசம்பரில் அதையே நீர்ப்பூங்காவாகத் திறந்தார்கள். நீளம் 360 மீட்டர், உயரம் 107 மீட்டர். நடுவில் ஒரு தூண்கூட இல்லை. நம் ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தை உள்ளே நிறுத்தினாலும் மேலே நூறடிக்குக் குறையாமல் இடம் மிஞ்சும். வெளியே தரையெல்லாம் பனி, உள்ளே 26 டிகிரி. நிஜ மரங்கள், ஈரமண் வாசனை. சின்னவள் வாசலிலேயே காலணியைக் கழற்றிவிட்டாள்.

செலவைக் கேளுங்கள். நுழைவுக் கட்டணம் நாளுக்கு நாள் மாறும். பள்ளி விடுமுறையிலும் வார இறுதியிலும் ஏறிவிடும். பிள்ளைகள் இன்னும் பள்ளிக்குப் போகவில்லை என்பதால், சாதாரண வேலைநாளாகப் பார்த்து முன்கூட்டியே டிக்கெட் எடுத்தோம். உள்ளேயே கூடாரம் போட்டு இரவு தங்கலாம். அது வேண்டாம் என்று போன அன்றே திரும்பினோம்.

ரயிலில்தான் நல்ல லாபம். பெர்லினுக்கும் அதைச் சுற்றியுள்ள பிராண்டன்பர்க் மாநிலத்துக்கும் செல்லும் பிராண்டன்பர்க்–பெர்லின் டிக்கெட் ஒன்றில் ஐந்து பேர் வரை நாள் முழுவதும் போய்வரலாம். வேலைநாளில் காலை ஒன்பது மணிக்குப் பிறகுதான் செல்லும், அவ்வளவுதான். கீழ்வீட்டுத் திருநெல்வேலித் தம்பதியும் சேர்ந்துகொண்டதால் நான்கு பெரியவர்களுக்கு ஒரே டிக்கெட். ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. ரயில் நிலையத்திலிருந்து கொட்டகை வரை இலவச பஸ்.

கை நழுவிப் பணம் போவது உள்ளேதான், அம்மா. கையில் ஒரு பட்டை கட்டிவிடுகிறார்கள். பெட்டகத்துக்குச் சாவியும் அதுதான், பணப்பையும் அதுதான். ஐஸ்கிரீமோ உருளைக்கிழங்கு வறுவலோ வாங்கினால் பட்டையைக் காட்டினால் போதும். மொத்தக் கணக்கையும் வெளியே வரும்போது தீர்க்க வேண்டும். நோட்டை எண்ணிக் கொடுக்கும்போது வரும் தயக்கம் இதில் வருவதே இல்லை. அதனால் ஒரு வேளைச் சாப்பாடு, ஆளுக்கொரு ஐஸ்கிரீம் என்று உள்ளே நுழையும் முன்பே பிள்ளைகளிடம் பேசி முடிவு செய்துவிட்டேன். பெரியவன் அடம்பிடிக்காமல் அதன்படி நடந்தான். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. போகும்போது ரயிலில் புளியோதரை, திரும்பும்போது சப்பாத்தி.

பணத்தைக் கொட்டினால்தான் பிள்ளைகளுக்குச் சந்தோஷம் என்று இங்கே பலர் நினைக்கிறார்கள். நம் பிள்ளைகள் இருட்டும் வரை தண்ணீரை விட்டு ஏறவில்லை. வீட்டுக்கடன் தவணைக்கு இந்த மாதமும் குறையில்லை, அப்பாவிடம் சொல்லிவிடுங்கள்.

நீங்கள் கொடுத்தனுப்பிய ஈரிழைத் துண்டுகள்தான் கைகொடுத்தன. இங்குள்ள தடித்த துண்டு நனைந்தால் கல்லாய்க் கனக்கும், பையில் பாதியை அடைக்கும். சித்தப்பா மகன் வரும்போது இன்னும் நான்கு கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்