மன்னார்க் கடல் எரிவாயுவில் உள்நாட்டுக்குரிய பங்கை முன்கூட்டியே எழுதிவைக்கக் கோரும் மனு

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
வலுசக்தி அமைச்சு,
கொழும்பு.

அனுப்புநர்:
தலவாக்கலைப் பகுதித் தோட்டமொன்றின் மூன்று டிவிஷன் குடும்பங்கள் சார்பில், ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்.

விடயம்: மன்னார்ப் படுகை எரிவாயுவை மிதக்கும் கப்பலிலேயே திரவமாக்கி ஏற்றுமதி செய்யும் யோசனை வருமானால், ஒப்பந்தத்துக்கு முன்பே உள்நாட்டுப் பங்கைத் தீர்மானித்தல்.

மதிப்பிற்குரிய ஐயா,

கடலைக் கண்ணால் காண ஹட்டனில் ரயில் ஏறி கொழும்புக்கு வரவேண்டிய ஆட்கள் நாங்கள். நடுக்கடலில் நிற்கப்போகும் ஒரு கப்பலைப் பற்றி மலையிலிருந்து மனு வருவது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் இதை வாசித்துக் காட்டியபோது எங்கள் ஆட்களே சிரித்தார்கள். "மன்னாரு கேஸுக்கு மலையில என்னா பேச்சு வாத்தியாரே?" என்று ஒரு அக்கா கேட்டார். அவருக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன்.

2022 ஏப்ரலில் 12.5 கிலோ சிலிண்டர் 4,860 ரூபாய்க்கு ஏறியது. அதற்கு முந்திய வருடம் அது 1,493 ரூபாய். அன்றைக்குத் தோட்டத்தில் நாள் சம்பளம் 1,000 ரூபாய். ஆக, ஐந்து பேர் போட்டால்தான் ஒரு சிலிண்டர் (பேர் என்றால் எங்கள் கணக்கில் ஒரு நாள் வேலை). அந்தக் காசைக் கையில் வைத்திருந்தவர்களுக்கும் கேஸ் கிடைக்கவில்லை. வெறும் சிலிண்டரைத் தோளில் சுமந்து டவுனுக்கு இறங்கி, விடிய விடிய வரிசையில் நின்று, வெறும் சிலிண்டரோடேயே மலை ஏறியவர்களில் நானும் ஒருவன். வீட்டில் பழைய அடுப்பைத் தட்டிச் சரிப்படுத்தி மிலாறு (வெட்டிய தேயிலைக் குச்சி) வைத்து மூட்டினார்கள். தேயிலைச் செடியை வெட்டும் கவ்வாத்து நடக்கிற காலமாக இல்லாததால் மிலாறுக்கும் அலைய வேண்டியிருந்தது.

ஒன்றைக் குழப்பாமல் சொல்லிவிடுகிறேன். சிலிண்டரில் வருவது புரோப்பேனும் பியூட்டேனும். அது அழுத்தத்திலேயே திரவமாகிவிடும். கடலுக்கடியில் கிடைக்கும் இயற்கை வாயுவில் பெரும்பகுதி மீதேன். அதைத் திரவமாக்க மறை 162 பாகை செல்சியஸ் வரை குளிரவைக்க வேண்டும். அப்போது அதன் பருமன் அறுநூறில் ஒரு பங்காகச் சுருங்கும், கப்பலில் ஏற்றலாம். எனவே மன்னாரில் வாயு எடுத்த மறுநாளே எங்கள் சிலிண்டர் நிரம்பிவிடும் என்ற கனவு எனக்கில்லை. ஆனால் பல வாயு வயல்களில் மீதேனோடு கொஞ்சம் சமையல் வாயுவும் சேர்ந்தே வரும். அவுஸ்திரேலியாவுக்கு வடமேற்கே ஷெல் கம்பனி நிறுத்தியிருக்கும் ப்ரிலூட் என்ற மிதக்கும் ஆலை வருடத்துக்கு 36 இலட்சம் தொன் எல்.என்.ஜி.யோடு (திரவமாக்கிய இயற்கை வாயு) 4 இலட்சம் தொன் சமையல் வாயுவும் எடுக்கும் அளவுக்குக் கட்டப்பட்டது. மன்னாரில் அப்படி ஏதும் வருமானால் அது யாருடைய அடுப்புக்குப் போகும் என்பதை யார் எழுதிவைத்திருக்கிறார்கள்?

மன்னார்க் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். 2011 இல் கெய்ர்ன் இந்தியா கம்பனி டொராடோ, பராகுடா என்ற இரு கிணறுகளில் வாயு கண்டது. அங்கே கடலின் ஆழமே 1,300 மீற்றருக்கு மேல். 2015 இல் அந்தக் கம்பனி விட்டுப் போனது. 2021 இன் 21 ஆம் இலக்கப் பெற்றோலிய வளங்கள் சட்டம் வந்தது, பெற்றோலிய அபிவிருத்தி அதிகார சபையும் வந்தது. வாயு இன்னும் கடலுக்கு அடியில்தான். இவ்வளவு ஆழத்திலிருந்து கரைவரை குழாய் போடுவதைவிட, கிணற்றுக்கு மேலேயே ஒரு கப்பலை நிறுத்தித் திரவமாக்கி விற்பது இலகு என்று நாளைக்கு ஒரு முதலீட்டாளர் வந்து சொன்னால் நான் ஆச்சரியப்படமாட்டேன். ஆழ்கடல், தூரமான கரை, சின்ன வயல் என்ற இடங்களுக்காகத்தானே இந்தத் தொழில்நுட்பமே பிறந்தது.

அது கெட்ட யோசனை என்று சொல்ல வரவில்லை. மலேசியாவின் பெட்ரோனாஸ் நிறுவனம் 2016 இல் சரவாக் கடலில் முதன்முதலாக இதைச் செய்துகாட்டியது. அந்த முதல் கப்பலின் கொள்ளளவு வருடத்துக்கு 12 இலட்சம் தொன். கெமரூனில் 2018 இல் வேலை தொடங்கிய ஹில்லி என்ற மிதக்கும் ஆலை, 1975 இல் கட்டிய பழைய எல்.என்.ஜி. கப்பலைத் திருத்தி உண்டாக்கியது. பழசைத் தட்டி ஓட்டும் அந்தச் சாமர்த்தியம் எங்களுக்குப் பிடித்திருக்கிறது. மாறாக, 488 மீற்றர் நீளமான ப்ரிலூட் 2019 இல் முதல் சரக்கை அனுப்பியபின், 2020 பெப்ரவரியில் மின்கோளாறு வந்து ஏறக்குறைய ஒரு வருடம் படுத்துவிட்டது. 2021 டிசம்பரில் மறுபடி நின்றது. பெரிது வாங்கினால் பெரிதாகவே பழுதாகும். நம்முடைய இரண்டு கிணற்றுக்கு அந்த அளவு கப்பல், நாலு கிலோ கொழுந்துக்கு லொறி பிடித்த கதைதான். ஆகவே வருவதென்றால் சின்னக் கப்பல்தான் வரும்.

அந்தச் சின்னக் கப்பலையே தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்து இலட்சம் தொன் எல்.என்.ஜி.க்கு ஏறக்குறைய 4,800 கோடி கன அடி வாயு வேண்டும். மலேசியாவின் முதல் கப்பல் அளவில் ஒன்று 20 வருடம் ஓட ஒரு இலட்சம் கோடி கன அடிக்கும் மேல் போகும். குளிரூட்டும் இயந்திரங்கள் தமக்கே எரித்துக்கொள்வது இதற்குப் புறம்பு. அந்தக் கப்பல் ஒரு வருடத்தில் ஏற்றும் வாயு கரைக்கு வந்தால், எல்.என்.ஜி. வரும் என்று நம்பிக் கெரவலப்பிட்டியில் கட்டிய 350 மெகாவாட் மின்நிலையத்தைப் போல மூன்றையாவது ஓட்டலாம். என் கணக்கு அச்சொட்டாக இல்லாமல் இருக்கலாம், உங்கள் பொறியியலாளர்கள் திருத்தட்டும்.

எனக்குப் பயம் கப்பலின் அளவில் இல்லை, அதன் நங்கூரத்தில். மலேசியாவின் முதல் கப்பல் 2019 இல் சரவாக்கை விட்டு சபா கடலுக்குப் போனது. ஆர்ஜென்டீனாவுக்கு 2019 இல் வந்த டாங்கோ என்ற சின்ன ஆலையின் ஒப்பந்தம் அடுத்த வருடமே முறிந்தது. இன்றைக்கு அது கொங்கோவில் நிற்கிறது. இடம் மாறலாம் என்பது கப்பல்காரருக்கு வசதி. குழாய் அப்படி எழுந்து போகாது, போட்ட நாட்டிலேயே கிடக்கும். கப்பல் மட்டும் வந்து குழாய் வராவிட்டால், நம் கடலிலிருந்து வாயு எடுக்கப்பட்டும் நம் கரையை ஒருநாளும் தொடாமல் போகும்.

மொசாம்பிக்கில் அதுதான் நடந்தது. 2022 இல் தொடங்கிய கோரல் சுல் கப்பலின் எல்.என்.ஜி. முழுவதையும் 20 வருடத்துக்கு ஒரே கம்பனி, பி.பி., வாங்குவதாக ஒப்பந்தம். அவுஸ்திரேலியாவிலும் இதே ஓட்டை உண்டு. மேற்கு அவுஸ்திரேலிய மாநிலம் ஏற்றுமதித் திட்டங்களில் 15 சதவீதத்தை உள்நாட்டுக்கு ஒதுக்கும் கொள்கை வைத்திருக்கிறது. ப்ரிலூட் மாநில எல்லைக்கு வெளியே மிதப்பதால் அந்தக் கொள்கை அதைத் தொடவில்லை. ஆனால் கெமரூனைப் பாருங்கள். அங்கே வாயு முதலில் கரையில் உள்ள பிபாகா நிலையத்துக்கு வந்தது. சமையல் வாயுவைப் பிரித்து உள்நாட்டுச் சந்தைக்குக் கொடுத்துவிட்டு, மீதிதான் கிரிபி நகருக்கு எதிரே நின்ற ஹில்லி கப்பலுக்குப் போனது. அதே வயலின் வாயுவில் கிரிபியின் 216 மெகாவாட் மின்நிலையமும் ஓடுகிறது. நம்மைவிடப் பணக்கார நாடல்ல கெமரூன். அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா?

இனி அக்காவின் கேள்விக்கு வருகிறேன். லக்சபான மின்நிலையம் 1950 இல் ஓடத் தொடங்கியது. அப்புறம் காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள். பழைய மஸ்கெலியா டவுனே தண்ணீருக்குள் போனது. கடுங்கோடையில் நீர் இறங்கும்போது கோவிலும் பள்ளிவாசலும் விகாரையும் தலை காட்டும், எல்லோரும் போய் போட்டோ எடுப்பார்கள். 2012 இல் எங்கள் தலவாக்கலையிலேயே 150 மெகாவாட் மேல் கொத்மலை நீர்மின் திட்டம் வந்தது. செயின்ட் கிளேயர் அருவியில் இப்போது நேரம் பார்த்துத்தான் தண்ணீர் விழுகிறது. நாட்டுக்கு வெளிச்சம் வேண்டும், சரி. ஆனால் எங்கள் லயத்துக் (தோட்ட வரிசை வீட்டு) கூரைக்கு மேலே மின்கம்பி போன காலத்தில் கூரைக்குக் கீழே குப்பி விளக்குத்தான் எரிந்தது. சாதாரண தரப் பரீட்சைக்கு நான் படித்தது அந்த வெளிச்சத்தில். ஒரு வளம் ஓரிடத்திலிருந்து எடுக்கப்படும்போது "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்ட பங்கு எத்தனை வருடம் கழித்து வரும் என்று எங்களுக்குத் தெரியும். ஆகவேதான் கப்பல் வருமுன்பே எழுதுகிறேன்.

டொலர் வேண்டும் என்பீர்கள். வருடத்துக்கு நூறு கோடி டொலருக்கு மேல் கொண்டுவரும் தேயிலையை எங்கள் பெண்கள்தான் பறிக்கிறார்கள். நல்ல தூள் கொழும்பு ஏலத்துக்குப் போகும், லயத்துக் காம்பராவில் (அறையில்) கொதிப்பது மிஞ்சிய டஸ்ட் தூள். ஏற்றுமதி என்றால் என்னவென்று எங்களுக்கு விளக்கத் தேவையில்லை. அதோடு 2022 இல் ஐரோப்பா கூடிய விலைக்கு எல்.என்.ஜி. கப்பல்களைத் தன் பக்கம் இழுத்தபோது பாகிஸ்தானும் பங்களாதேஷும் வாங்க முடியாமல் இருட்டில் இருந்தன. நம் வாயுவை முழுதாக விற்றுவிட்டு, அதே சந்தையில் போய் நாமும் வரிசையில் நிற்பது புத்தியான காரியமாக எனக்குப் படவில்லை.

ஆகவே நாங்கள் கேட்பது இது. மன்னார்த் தொகுதிகளுக்கு விலைமனு கோருமுன், மாதிரி ஒப்பந்தத்திலேயே உள்நாட்டுப் பங்கு இத்தனை சதவீதம் என்று இலக்கத்தில் எழுதப்பட வேண்டும். கப்பல் நாட்டின் எந்தக் கடல் எல்லையில் மிதந்தாலும் அது செல்லும் என்ற வாசகமும் வேண்டும். 15 சதவீதம் போதாது, கூடுதலாக வேண்டும் என்பது என் அபிப்பிராயம், ஆனால் இலக்கத்தைவிட அது எழுத்தில் இருப்பதுதான் முக்கியம். பிரித்தெடுக்கும் சமையல் வாயு இருந்தால் அது முதலில் உள்நாட்டுக்கு. அதில் தோட்டக் குடியிருப்புகளுக்கான விநியோகம் டவுனோடு நின்றுவிடாமல் டிவிஷன்வரை வரவேண்டும்.

தேயிலைத் தொழிற்சாலைகளையும் இதோடு சேர்த்துப் பார்க்கும்படி கேட்கிறோம். ஒரு கிலோ தூளுக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ கொழுந்து வேண்டும். மிச்சமெல்லாம் நீர், அதைப் போக்க விறகுதான் எரிகிறது. விறகுக்காக யூகலிப்டஸ் வெட்டிய சரிவு அடுத்த மழைக்கு என்ன செய்யும் என்பது மலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். தாங்கி லொறியில் எல்.என்.ஜி. கொண்டுவந்து தூள் காயவைக்கும் அடுப்புக்குக் கொடுக்க முடியுமா, செலவு கட்டுமா என்று ஒரு ஆய்வு செய்யுங்கள். கினிகத்தேனை வளைவுகளில் அந்த லொறி திரும்புமா என்பதையும் அதே ஆய்வு சொல்லட்டும். சரிவராது என்று முடிவு வந்தால் ஏற்றுக்கொள்கிறோம்.

எங்களுக்கு முன்னால் கேட்கப்பட வேண்டியவர்கள் மன்னார் மீனவர்கள். அவர்களுடைய வலையைப் பற்றி நான் பேச உரிமையில்லை. ஆனால் மன்னார் எங்களுக்கு அந்நிய ஊருமல்ல. எங்கள் முன்னோர் அந்தக் கரையில் இறங்கித்தான் காட்டுவழியாக மாத்தளைக்கு நடந்தார்கள், எத்தனையோ பேர் வழியிலேயே விழுந்தார்கள். அந்த நடையின் நினைவாக 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்களில் எங்கள் டிவிஷன் பிள்ளைகளும் உண்டு.

இந்த விடயத்தில் வரும் ஆய்வறிக்கைகளும் ஒப்பந்த வரைபும் தமிழிலும் வெளியாக வேண்டும். மக்கள் கருத்தைக் கேட்கும் அமர்வு ஒன்று ஹட்டனில் நடக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் கொழுந்து பறிப்பவர்களும் வரலாம். பதில் கிடைக்காவிட்டால் 2016 இன் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின்படி விண்ணப்பிப்போம். அந்தப் படிவத்தையும் நிரப்பி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
தலவாக்கலை.

பிரதிகள்: பணிப்பாளர் நாயகம், இலங்கை பெற்றோலிய அபிவிருத்தி அதிகார சபை, மாவட்டச் செயலாளர், நுவரெலியா, மாவட்டச் செயலாளர், மன்னார்.
இணைப்பு: மூன்று டிவிஷன் குடும்பங்களின் கையொப்பத் தாள்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் பெருவிரல் அடையாளம் வைத்திருக்கிறார்கள்.